புல்லட்டும் பிரதிபேதமும்

1

எங்கள் வீட்டுத் தொழுவில் மாடு நின்று பல வருஷமாகிறது. இப்போது அங்கே ஒரு புல்லட் பிரிந்து கிடக்கிறது. 1971இல் பதிவான 350 சி.சி. வண்டி. சேசிஸ் இரண்டு மரக்கட்டைகளின்மேல் இருக்கிறது, எஞ்சின் ஒரு பழைய மரப்பெட்டியின்மேல். நட்டும் போல்ட்டும் ஹார்லிக்ஸ் குப்பிகளில் கிடக்கின்றன, குப்பிக்கொரு துண்டுச்சீட்டோடு. தமிழ் எம்.ஏ. படித்தவன் செய்கிற காரியமா இது என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். நான் அப்போது சிரித்து மழுப்பினேன். இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில்.

அப்பா நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் கடைசல் வேலை பார்த்தவர். வண்டி முதலில் அவருடையதல்ல. தோவாளைப் பக்கத்து நிலக்காரர் ஒருவருடையது. பம்புசெட் வேலை செய்த வகையில் அவர் தரவேண்டிய கூலி ஏறிக்கொண்டே போயிற்று. 1993இல் ஒருநாள், ஓடாமல் கிடந்த புல்லட்டைக் காட்டி 'இத எடுத்துக்கோ' என்று கணக்கை முடித்துவிட்டார். அப்பா அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓடவைத்தார். 2019இல் இறக்கும்வரை ஓட்டினார். 'கடைசல்காரனுக்கு எதுக்குடே புல்லட்டு' என்று டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. நம் சினிமாவில் புல்லட் என்றால் பண்ணையார், போலீஸ், மீசை. எங்கள் ஊரிலும் அதன் சத்தம் கேட்டால் ஒதுங்கி வழிவிடும் வழக்கம் இருந்தது. வழிவிட்டவன் அதில் ஏறி உட்கார்ந்தது சிலருக்குப் பொறுக்கவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் இன்றுவரை நிலக்காரர் பேர்தான் இருக்கிறது. அப்பா மாற்றவில்லை. இருபத்தாறு வருஷம் அந்த வண்டியை உயிரோடு வைத்திருந்தவருக்கு அது பற்றிய எந்தக் காகிதத்திலும் இடமில்லை.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்தபோது நான் ஒரு பட்டியல் எழுதத் தொடங்கினேன். சிலிண்டர் இரண்டு முறை போரிங் ஆகியிருக்கிறது. அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது கூடுதல் அளவு பிஸ்டன் உள்ளே இருக்கிறது. ஆலையில் வந்த அமல் கார்புரேட்டர் இல்லை, பிற்காலத்து மைக்கார்ப் இருக்கிறது. முன் மட்கார்டில் இரண்டு இடத்தில் பித்தளைப் பற்று. ஓரிடத்தில் விட்வொர்த் மரை, பக்கத்திலேயே மெட்ரிக் மரை. முன்ஃபோர்க்கில் யாரோ வைத்த ஒரு வெல்டிங். அப்புறம், கிக்கர் தண்டு ஆடாமல் பிடிக்கிற புஷ். அது கம்பெனிப் பொருள் அல்ல, கன்மெட்டலில் கடைந்தது. அதன் விளிம்பில் சென்டர் பஞ்சால் லேசாகத் தட்டிய இரண்டு புள்ளிகள்.

அந்த இரட்டைப் புள்ளி எனக்குத் தெரியும். தான் கடைந்த சாமான் புகாரோடு திரும்பி வந்தால் தன்னுடையதுதானா என்று கண்டுகொள்ள அப்பா வைக்கிற அடையாளம் அது.

பழைய வண்டி சேர்க்கிற நண்பர் ஒருவர் வந்து பார்த்தார். 'நல்ல சரக்கு. ஆனா ஒரிஜினலாக்கணும். லோக்கல் சாமான் எல்லாத்தையும் கழற்றி எறிஞ்சிட்டு கம்பெனி பார்ட்ஸ் போடுங்க. வண்டிக்கே மரியாதை வரும்' என்றார். எறிந்துவிடச் சொன்னவற்றில் அந்தப் புஷ்ஷும் உண்டு. 'ஒரிஜினல்' என்ற சொல் அன்றிலிருந்து என்னைத் தொந்தரவு செய்கிறது.

2

முதலில் கேட்கவேண்டியது, புல்லட்டுக்கு எது மூலம் என்பது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் ராயல் என்ஃபீல்ட் கம்பெனி செய்த வண்டி அது. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சி.சி. விடுதலைக்குப் பிறகு எல்லை ரோந்துக்கு நம் ராணுவம் வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச்சேர்ந்து சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது. முதலில் அங்கேயிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர் ஆலையில் எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். அந்த 1955இல் நாகர்கோவில் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதிதான் கன்னியாகுமரி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மெட்ராஸ் புல்லட் எங்கள் மாவட்டத்தைவிட ஒரு வயது மூத்த மெட்ராஸ்காரன்.

பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் புல்லட்டை மாற்றிக்கொண்டே போனார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அதைச் செய்வதையே நிறுத்தினார்கள். 1970 வாக்கில் அந்தக் கம்பெனியே மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ 1955இன் அதே வடிவம் அடிப்படையில் மாறாமல் தொடர்ந்தது. 1977இல் இங்கேயிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆயிற்று. மூலம் செத்துப்போனபின் நகல் மூலத்தின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியது. பிற்பாடு அந்த ஆங்கிலப் பேரையும் இந்தியக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. 2009இல் 'கிளாசிக்' என்ற பேரில் பழைய சாயலில் புது வண்டி வந்தது. ஜாவா 2018இலும் யெஸ்டி 2022இலும் இதேபோலத் திரும்பி வந்தன. பழசு என்பது இன்று ஆலையில் தயாராகிற ஒரு பூச்சு.

இதில் எந்தக் கணத்தை நான் 'ஒரிஜினல்' என்று பிடிப்பது? ரெட்டிச் கையேட்டையா? 1971இல் திருவொற்றியூரில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பூட்டிய நிலையையா? நண்பர் கேட்கிற ஒரிஜினல், கம்பெனி கேட்லாக்கில் அச்சிட்ட படம். அந்தப் படத்திலுள்ளபடி என் வண்டி ஒருநாளாவது இருந்ததா என்பதற்குச் சாட்சி இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் பழைய கோபுரங்களைப் புதுக்கிய வியோலே-லெ-டுக் என்ற கட்டடக்காரர் இதைக் கூசாமல் ஒப்புக்கொண்டார். மீட்பது என்றால், எந்தக் காலத்திலும் இருந்திருக்காத ஒரு முழுமைக்குக் கொண்டுபோவதாகக்கூட இருக்கலாம் என்பது அவருடைய விளக்கம்.

இன்னொரு விஷயம். யந்திரப் பெருக்கத்தில் கலைப்பொருள் தன் 'ஒளிவட்டத்தை' இழக்கிறது என்று 1936இல் வால்டர் பெஞ்சமின் எழுதியதை நம் சிறுபத்திரிகைகள் போதுமான அளவு மென்றுவிட்டன. அதைத் திருப்பிப்போட்டுப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஆலையிலிருந்து வெளிவரும் நாளில் ஒரு புல்லட் பக்கத்துப் புல்லட்டைப் போலவே இருக்கிறது. டேங்கில் கையால் இழுத்த தங்கக்கோடு மட்டும் விதிவிலக்கு. சென்னை ஆலையில் அந்தக் கோட்டை ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் பல வருஷம் தூரிகையால் வரைந்தார்கள், கம்பெனியும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. மற்றபடி வண்டிக்கு வண்டி வித்தியாசமில்லை. அது வேறாக ஆவது கீழே விழுந்தபின், துருப்பிடித்தபின், பட்டறைக்குப் போனபின். ஆலைப்பொருளுக்குத் தனித்துவம் என்று ஒன்று உண்டானால் அது பழுதுபார்ப்பில்தான் வருகிறது. என் வண்டியில் வேறெந்த வண்டியிலும் இல்லாதது எது? அந்தப் புஷ். அதை எறிந்தால் வண்டி 'ஒரிஜினல்' ஆகும். அதாவது, அதன் ஒரே அசல் தன்மை போய்விடும்.

3

தமிழ் படித்தவனுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இதற்கு நாம் வைத்திருக்கும் பேர் பதிப்பு.

ஓலை நம் ஊர் ஈரத்தில் நெடுங்காலம் தாங்காது. கரையானும் பூச்சியும் உண்டு. சங்கப்பாட்டு நம் கைக்கு வந்தது ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதியதால். எழுதியவர் பிழை விட்டார். புரியாத இடத்தில் தனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டார். செல்லரித்த இடத்தில் ஒட்டுப்போட்டார். அவர் ஒரு மெக்கானிக். 'ஏட்டைக் கெடுத்தவன்' என்று நாம் அவரைத் திட்டுகிறோம். அவர் இல்லாவிட்டால் கெடுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் பதிப்பித்தபோது செய்த காரியத்தை இந்த இடத்தில் நினைக்கவேண்டும். அவருக்கும் திருத்தமான பாடம் வேண்டும் என்ற வேட்கை இருந்தது. ஆனால், தான் ஒதுக்கிய பாடங்களை அவர் குப்பையில் போட்டுவிடவில்லை. அடிக்குறிப்பில் 'பிரதிபேதம்' என்று இறக்கிவைத்தார். முகவுரையில் எந்த ஊரில் யாரிடமிருந்து ஏடு கிடைத்தது என்று பேரோடு சொன்னார். நாளைக்கு ஒருவன் வந்து 'நீர் ஒதுக்கியதுதான் சரி' என்று சொல்ல அந்த அடிக்குறிப்பு இடம்கொடுக்கிறது. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். புள்ளி எங்கே என்று தீர்மானிப்பது பதிப்பாசிரியர் வேலையாயிற்று. எனக்கு நிலைமை நேர்மாறு. பிரதியில் இரண்டு புள்ளி வைத்தே இருக்கிறது, பதிப்பில் அதை எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

வண்டிமீட்பு ஒரு பதிப்பு வேலை என்றால், இன்று நடக்கும் பெரும்பாலான மீட்புகள் மோசமான பதிப்புகள். அடிக்குறிப்பே இல்லாதவை. சேசிஸை மணல்பீய்ச்சிக்குக் கொடுத்து வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, புதிதாக அடுப்புப் பெயிண்ட் ஏற்றி, குரோம் முலாம் பூசிப் பளபளவென்று நிறுத்துகிறார்கள். இதே மணல்பீய்ச்சியைத் திருப்பணி என்ற பேரில் கோயில் தூண்களிலும் பிரயோகித்து, சிற்பத்தின் மூக்கையும் முழியையும் கல்வெட்டின் எழுத்தையும் மழுக்கிய கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். யந்திரமும் ஒன்று, மனநிலையும் ஒன்று.

இங்கிலாந்தில் 1849இலேயே ரஸ்கின் இதை எதிர்த்தார். மீட்பு என்று சொல்லப்படுவது ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய மிகப்பெரிய அழிவு என்பது அவர் தரப்பு. அவர் வழிவந்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் ஆரம்பித்தார். பழைய சுவர்களின் பூச்சைச் சுரண்டி எடுப்பதை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்பு' என்ற செல்லப்பேர் உண்டாயிற்று. பின்னாளில் மாரிஸ் சோஷலிஸ்டும் ஆனார். அவருடைய ஆங்கிலத்தில் அந்த இரண்டு வேலைக்கும் இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. தமிழில் ஒரே சொல் போதும். பெயிண்டைச் சுரண்டுவதும் கூலியைச் சுரண்டுவதும் எங்கள் வீட்டுத் தொழுவில் ஒரே பொருள்மீது நடந்திருக்கின்றன.

4

இனி சட்டம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழமை வாகனங்களுக்கு என்று தனிப்பதிவு கொண்டுவந்தார்கள். முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய இரண்டுசக்கர, நாலுசக்கர வண்டிகள் இதில் வரும். 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண்பலகை. புதுப்பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். அந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, எண்ணெய் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். வரையறை இதைவிடச் சுவாரஸ்யமானது. வண்டி அதன் மூலவடிவத்தில் பேணப்பட்டிருக்கவேண்டும்; சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்ததுபோன்ற பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக்கூடாது.

இதை நேர்ப்பொருளில் வாசித்துப் பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற, உப்புக்காற்று வீசுகிற ஒரு மாவட்டத்தில், ஐம்பது வருஷம் ஓடிய வண்டி பெரிய வேலை ஒன்றும் காணாமல் இருக்கமுடியுமா? ஒன்று, வண்டி ஓடாமல் பங்களாவில் உறைபோட்டு நின்றிருக்கவேண்டும். அல்லது, ஓடிய தடத்தையெல்லாம் காசுகொடுத்து அழித்திருக்கவேண்டும். உழைத்த வண்டி பாரம்பரியம் ஆகாது, உட்கார்ந்திருந்த வண்டிதான் ஆகும். அதே 2021இல்தான் பழைய வண்டிகளை உடைப்புக்கு அனுப்பும் கொள்கையும் வந்தது. பதினைந்து வயது தாண்டிய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் அடுத்த வருஷம் உயர்த்தப்பட்டது. பதினைந்துக்குப் பிறகு அது கழிவு, ஐம்பதுக்குப் பிறகு அது பெருமை. இடைப்பட்ட முப்பத்தைந்து வருஷம் ஒரு வண்டியை யார் காப்பாற்றுகிறார்கள்? புது வண்டி வாங்க வழியில்லாதவர்களும் அவர்களுடைய மெக்கானிக்குகளும். பாரம்பரியம் என்ற சொல்லாடலில் இந்த முப்பத்தைந்து வருஷம் ஒரு வெற்றிடம்.

'வின்டேஜ்' என்ற சொல்லின் மூலப்பொருளே திராட்சை அறுவடையைக் குறிப்பது. பிறந்த வருஷத்தை எண்ணுகிற சொல் அது, வாழ்ந்த வருஷங்களை எண்ணுகிற சொல் அல்ல. மீன்கூடை கட்டிய எம்.எண்பது வண்டிகளைக் குளச்சல் பக்கம் பார்க்காதவர் யார்? அவற்றில் ஒன்றையாவது நாளைக்கு யாராவது 'மீட்டு' வரவேற்பறையில் நிறுத்துவார்களா? நிறுத்தினால் மீன்வாடையைக் கழுவிவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

5

இவ்வளவையும் நான் தீர்த்து எழுதிவைத்திருந்தேன். பிறகுதான் ஆசானிடம் போனேன். எங்கள் பக்கம் பட்டறை மூத்தவரை ஆசான் என்போம். அப்பாவோடு வேலைசெய்தவர், எழுபது தாண்டியாயிற்று. புஷ்ஷைக் கையில் வாங்கித் தண்டில் மாட்டி ஆட்டிப்பார்த்தார். புள்ளியையும் பார்த்தார். 'உங்கப்பன் கடஞ்சதாக்கும்' என்றார். உடனேயே, 'தேஞ்சு போச்சு மக்கா. தூரப் போட்டுட்டு புதுசு வாங்கி மாட்டு' என்றார்.

எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. நான் பெஞ்சமினை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். ஆசான் பொறுமையாகக் கேட்டார். 'ஒரிஜினல் மெட்ராசுலேந்து வர ஒரு மாசம் ஆவும். வந்தாலும் வாங்க ஆளுட்ட பைசா இருக்காது. கிட்டாததுனால கடஞ்சோம். கிட்டியிருந்தா நாங்களும் ஒரிஜினல்தானே போட்டிருப்போம்? நீ அதைப் போயி சாமியாக்குகே' என்றார்.

இந்தப் பதிலை நான் தட்டிக்கழிக்கமுடியாது. இல்லாமையிலிருந்து பிறந்த சாமர்த்தியத்தைக் கொண்டாடுவது இல்லாமையைக் கொண்டாடுவதில் போய் முடியலாம். முன்ஃபோர்க்கில் வெல்டிங் வைத்தவனும் ஒரு தொழிலாளிதான். அது இற்றுப்போனால் ஓட்டுகிறவன் கழுத்து முறியும். அதற்கும் பிரதிபேதம் என்று பேர்வைத்துப் பாதுகாப்பேனா? தமிழ்த்துறையில் உட்கார்ந்துகொண்டு 'விளிம்பின் அழகியல்' பேசுவதில் உள்ள அபாயம் இது. விளிம்பில் இருப்பவருக்கு அழகியலைவிட நல்ல ஃபோர்க்தான் முக்கியம்.

ராபர்ட் பெர்சிக் 1974இல் வெளியிட்ட ஜென்னும் மோட்டார் சைக்கிளும் பற்றிய புத்தகத்தில் ஒரு இடம் வரும். நண்பரின் புது பி.எம்.டபிள்யூவில் ஹேண்டில்பார் வழுகுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடையில் செருகினால் சரியாகும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்குக் கோபம் வந்துவிடுகிறது. அப்பேர்ப்பட்ட வண்டிக்குப் பீர் டப்பாவா? இந்த இடத்தைப் பலமுறை ரசித்திருக்கிறேன். இப்போது வாசிக்கையில் அதில் இல்லாத ஒன்று கண்ணில் படுகிறது. அங்கே வண்டிக்காரனே மெக்கானிக். தகட்டைச் செருகுகிறவனும் சவாரி போகிறவனும் ஒரே வர்க்கத்து ஆட்கள். பெர்சிக்கின் தத்துவம் முழுக்க இந்த ஒருமையின்மேல் நிற்கிறது. நம் ஊரில் சொந்தக்காரன் ஒருவன், ரிப்பேர்காரன் வேறொருவன். இருவரும் ஒரே திண்ணையில் உட்காரமுடியாத காலமும் இருந்தது. ஆகவே இங்கே 'எது ஒரிஜினல்' என்ற கேள்வி தத்துவத்தோடு நிற்காது. 'யாருடைய வேலை கணக்கில் வரும்' என்ற கேள்வியாகவும் இருக்கிறது.

ஆசானுக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் இங்கேதான் இருக்கிறது. புஷ்ஷை அவர் தூரப்போடலாம். அந்த வேலை என்ன என்று அவருக்குத் தெரியும், அவர் கையிலேயே அது இருக்கிறது. நான் போட்டால் அதுபற்றிய ஞாபகமும் சேர்ந்து போய்விடும். நான் லேத்தில் நின்றவன் அல்ல. என்னைப் படிக்கவைக்க அப்பா லேத்தில் நின்றார். ஓய்வுநாளில் கிரீஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நான் அவருடைய தொழிலின் வாரிசு அல்ல, அதை வாசிக்கிறவன் மட்டுமே. வாசிக்கிறவனுக்குப் பிரதி வேண்டியிருக்கிறது.

6

என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். ஃபோர்க்கையும் பிரேக் சாமான்களையும் வயரிங்கையும் புதிதாக மாற்றினேன். அதில் தத்துவம் ஒன்றும் இல்லை. மட்கார்டின் பித்தளைப் பற்றை அப்படியே விட்டு, துருவை மட்டும் கையால் தேய்த்தேன். சேசிஸை மணல்பீய்ச்சிக்குக் கொடுக்கவில்லை. மைக்கார்ப்பை வைத்துக்கொண்டேன். புஷ்ஷைத் திரும்ப அதன் இடத்திலேயே மாட்டினேன். கிக்கர் கொஞ்சம் ஆடும், ஆயில் சொட்டும், கீழே ஒரு தட்டு வைக்கவேண்டியிருக்கும். ஆசான் தலையில் அடித்துக்கொண்டார்.

கூடவே, ஒரு நாற்பதுபக்க நோட்டுப் போட்டேன். எந்த உறுப்பு ஆலையில் வந்தது, எது பின்னால் வந்தது, எது கடைந்தது, தெரிந்தவரை யார் கடைந்தது, எதை நான் மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எழுதுகிறேன். கழற்றியவற்றையும் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். ஆசானிடம் கேட்டுக் கேட்டு நிரப்புகிறேன். சிலிண்டர் போரிங் செய்தவர் பேரை நேற்றுத்தான் சொன்னார். வெல்டிங் வைத்தவர் பேர் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அந்த வரி காலியாக இருக்கிறது.

வி.ஏ. பலகைக்கு விண்ணப்பிக்கப்போவதில்லை. அதற்குமுன் ஆர்.சி.யில் பேரை மாற்றவேண்டும். மாற்றினாலும் நிலக்காரர் பேருக்கு அடுத்தபடியாக என் பேர்தான் வரும். அப்பா பேர் வர அதில் இடம் கிடையாது. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதியிருக்கிறேன், எத்தனை வருஷம் என்பதையும் சேர்த்து.

எஞ்சினை ஏற்றியாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை ஆசான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அமுக்கி, டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, பிறகு லிவரை விட்டு ஒரே மிதியாக மிதிக்கவேண்டும். அப்பா செய்வதைப் பார்த்திருக்கிறேன். நான் செய்ததில்லை.